நைட்ரிக் ஆக்சைடு அதிகமாகுமா ஆகாதா: கண்டுபிடிப்பது எப்படி

பார்மகாலஜி (மருந்தியல்) படிக்கிறவர்கள் பலர் எந்த ரிசப்டர் (செல்லில் மருந்தோ ரசாயனமோ ஒட்டும் புரதம்) ரத்தக் குழாயைத் தளர்த்தும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும் என்று ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பட்டியல் பாதி நேரம் காலை வாரிவிடும். ரிசப்டர் எந்த செல்லில் இருக்கிறது, அந்த செல்லில் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் என்சைம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

நரம்புகள் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வேலை செய்யும் விதத்தை ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம். ரத்தக் குழாயின் உள்பக்கம் இருப்பவை எண்டோதீலிய செல்கள். அங்கே அசிட்டைல்கோலின் தனக்கான எம்3 ரிசப்டரில் போய் ஒட்டியதும் ஜிகியூ புரதம் கிளம்பி, பாஸ்போலிபேஸ் சி என்ற என்சைமைத் தூண்டி, ஐபி3 என்ற தூது மூலக்கூறு உண்டாகி, செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் வெளியே வரும். கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஈநாஸ் (எண்டோதீலியத்தில் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் என்சைம்) என்சைமை இயக்க, அது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும். இது வாயு என்பதால் சவ்வைத் தாண்டிப் பக்கத்துத் தசை செல்லுக்குள் நுழைந்து தசையைத் தளர்த்தும் தூது மூலக்கூறான சைக்ளிக் ஜிஎம்பியை ஏற்றிவிடும், தசை தளர்ந்து குழாய் விரியும்.

இப்போது அதே அசிட்டைல்கோலினை நேராகத் தசை செல்லில் வைத்து வரையுங்கள். அதே எம்3, அதே கால்சியம், ஆனால் ஈநாஸ் இல்லை, தசை சுருங்குகிறது! ஆய்வாளர் ஃபர்ச்காட் 1980-இல் முயலின் மகாதமனியில் காட்டியது இதைத்தான்: எண்டோதீலியம் இருந்தால் தளர்ச்சி, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளர்ச்சியே கிடையாது. இந்த வழியில் வந்த வேலைக்குத்தான் 1998-இல் அவருக்கும் இக்னாரோ, முராத் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

சரி, கால்சியம் ஏறாமலே ஈநாஸ் வேலை செய்யுமா? செய்யும். இன்சுலின் ரிசப்டர் பிஐ3 கைனேஸ், ஏகேடி என்ற என்சைம்கள் வழியாகப் போய் ஈநாஸின் 1177-ஆவது இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றும்போது, இருக்கிற கொஞ்சக் கால்சியமே போதுமானதாகிவிடுகிறது. 495-ஆவது இடத்திலுள்ள த்ரியோனினில் பாஸ்பேட் ஏறினால் நேர்மாறு, இதைத் தேர்வில் மாற்றி எழுதுகிறவர்கள் நிறைய.

மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்) என்றால் கணக்கே வேறு. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு டிஎல்ஆர்4 ரிசப்டரைத் தொட்டால் என்எஃப் கப்பா பி என்ற, ஜீன்களை இயக்கும் புரதம் வழியாக ஐநாஸ் (நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் இன்னொரு என்சைம்) ஜீன் திறந்து, என்சைமே புதிதாக உருவாக வேண்டும், அதனால் சில மணி நேரம் பிடிக்கும். ஆனால் உருவானபின் கால்சியத்துக்குக் காத்திருக்காது, ஏனென்றால் கால்மோடுலின் அதோடு இறுக்கமாக ஒட்டியே இருக்கிறது. கடும் தொற்றால் வரும் செப்டிக் ஷாக்கில் ரத்த அழுத்தம் சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூளையில் என்எம்டிஏ ரிசப்டர் வழியாக நுழையும் கால்சியம் நரம்பு செல்லின் வகையான என்நாஸை இயக்கும், அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

வரைந்த படம் சரியா என்று மருந்துகளை வைத்துச் சோதியுங்கள். அட்ரோபின் எம்3-யிலேயே தடுக்கும், எல்-நேம் என்சைமைத் தடுக்கும். நெஞ்சுவலி மருந்தான நைட்ரோகிளிசரினுக்கோ ரிசப்டரும் வேண்டாம், எண்டோதீலியமும் வேண்டாம், அதிலிருந்தே நைட்ரிக் ஆக்சைடு வரும். வயாகராவில் உள்ள சில்டனாஃபில் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிப்பதே இல்லை, சைக்ளிக் ஜிஎம்பி சிதையாமல் பார்த்துக்கொள்கிறது. நைட்ரோகிளிசரினையும் சில்டனாஃபிலையும் சேர்த்துக் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏன் ஆபத்தாக விழுகிறது என்பதை உங்கள் படத்தை வைத்தே சொல்ல முடிய வேண்டும்.