'அல்லது' வரும் நிகழ்தகவுக் கணக்கு

இரண்டு பகடைகளை உருட்டுகிறோம். இரண்டிலும் ஒற்றைப்படை எண் விழ, அல்லது கூடுதல் 6 ஆக நிகழ்தகவு என்ன?

சூத்திரத்துக்குப் பாயாமல் முதலில் பட்டியல் எழுதுங்கள்; அதுதான் பாதுகாப்பான வழி. கூறுவெளியில் (விழக்கூடிய எல்லா முடிவுகளின் தொகுப்பில்) 36 சோடிகள். இரண்டும் ஒற்றை: 3×3 = 9. கூடுதல் 6: (1,5), (2,4), (3,3), (4,2), (5,1), ஆக 5. (2,4), (4,2) வேறு வேறு. ஆனால் (3,3) ஒரே முறைதான்.

9+5 = 14 என்று நிறுத்திவிடாதீர்கள். (1,5), (3,3), (5,1) இரண்டு பட்டியலிலும் இருப்பதால் இருமுறை எண்ணப்பட்டுவிட்டன. 3-ஐக் கழித்தால் 11, விடை 11/36.

கூடுதல் 5 என்று கேட்டிருந்தால் பொதுச் சோடியே இராது (இரு ஒற்றை எண்களின் கூடுதல் இரட்டைதானே), நேரே கூட்டலாம்.

'மற்றும்' என்று கேட்டால் அந்த 3 சோடிகளே விடை: 3/36 = 1/12. 9/36-ஐயும் 5/36-ஐயும் பெருக்கக் கூடாது. இவை சார்பற்ற நிகழ்ச்சிகள் (ஒன்று நடப்பது மற்றதன் நிகழ்தகவை மாற்றாதவை) அல்ல.