ஆசிரியரை மதிப்பிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் போன வாரம் புதிதாகப் பொறுப்பேற்ற துணைத் தலைமையாசிரியர்கள் நால்வர், நிரப்பிய மதிப்பீட்டுப் படிவங்களோடு என்னைப் பார்க்க வந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை நான்கு படிவத்திலும் இருந்தது. தேதி, கையொப்பம் போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ஆண்டிறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதும் யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு இருந்த காலம். எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டில் இரண்டு வகுப்புகள். ஒன்றில் ஏ குவிந்தது; மற்றதில் பெரும்பாலும் சி, டி. இரண்டாம் வகுப்பு ஆசிரியையை அழைத்து, "இன்னும் முயற்சி வேண்டும், டீச்சர்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார். மேலே ஜனவரியில் பிள்ளைகள் எழுதியவை: ஒரு வாக்கியம்கூட முழுதாக இல்லை. கீழே தேர்வுக்கு முன் அதே பிள்ளைகள் எழுதிய ஒரு பக்கக் கட்டுரைகள். பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் பிரித்து அந்த வகுப்பை அவரிடம் கொடுத்ததே நான்தான். அவருக்கு நான் குறைத்துப் போட்ட புள்ளியைத் திருத்துவதற்குள் படிவம் போய்விட்டது. மறு ஆண்டே அவர் மாற்றல் வாங்கிக்கொண்டார். பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவரைப்போலக் குறைநீக்கல் வகுப்பு நடத்த எங்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

யூபிஎஸ்ஆர் 2021-இல் நீக்கப்பட்டது; பழக்கம் போகவில்லை. இப்போது வகுப்புசார் மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலையை அதே கண்ணோடு பார்க்கிறார்கள். அந்த நிலையைக் குறிப்பதே வகுப்பு ஆசிரியர்தான். அதை வைத்து அவரையே எடைபோட்டால் யார் 2 போடுவார்கள்? தடுமாறும் பிள்ளை தாளில் காணாமல் போய்விடும். சிறிய பள்ளிகளில் இன்னும் கவனம் வேண்டும்: எட்டுப் பேர் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சறுக்கினால் தேர்ச்சி 25 விழுக்காடு இறங்கும். பிள்ளை எங்கே தொடங்கியது, எத்தனை நாள் பள்ளிக்கு வந்தது, நடுவில் சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள்.

ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருப்பது

மலேசியப் பள்ளிகளின் தர மதிப்பீட்டு ஆவணமான எஸ்கேபிஎம்ஜி2-இன் தரம் 4-இல், அதாவது கற்றல் கற்பித்தல் பகுதியில், ஐந்து கூறுகள் ஆசிரியரைப் பற்றியவை. ஆறாவது, மாணவர் தாமே முனைந்து கற்கிறாரா என்பது. அதை அவசரமாக நிரப்பாதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பாருங்கள்.

ஒரே முறை போவது

சொல்லிவிட்டுப் போகும் நாளில் எல்லா வகுப்பும் நன்றாகத்தான் நடக்கும்.

கோப்பின் அழகு

கோப்பு அழகாக இருக்கிறது என்பதற்காகப் புள்ளி போட வேண்டாம்.

பெற்றோர் புகார்

ஆசிரியரிடம் கேட்காமல் படிவத்தில் ஏற்றாதீர்கள்.

தள்ளிப்போட்டுப் பேசுவது

வகுப்பைப் பார்த்த அதே வாரத்தில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் விழித்தது என்பது அப்போதுதான் இருவருக்கும் நினைவிருக்கும்; அடுத்த பாடத்திலேயே அவர் அதைச் சரிசெய்ய முடியும்.