கோட்டுப் பைக்குள் அடங்கிய கையேடு

அறுவை சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்ததும் வாங்கிய முதல் கையேடு கோட்டுப் பையையே கிழித்துவிட்டது. அப்புறம் அது விடுதி மேசையை விட்டு நகரவில்லை. அடுத்ததைக் கடையிலேயே சோதித்தேன்: மரத்துப்போகப் போடும் ஊசிமருந்தான லிக்னோகைனின் உச்ச அளவு அரை நிமிடத்தில் கண்ணில் பட வேண்டும். பட்டது. கிலோவுக்கு 3 மி.கி., அட்ரினலின் சேர்ந்தால் 7. சரி, வாங்கிவிட்டேன்.

ஆனால் பாம்பன் பக்கமிருந்து திருக்கை முள் குத்திய காலோடு ஒரு பெரியவர் வந்தபோது, அதைப் பற்றி உள்ளே ஒரு வரிகூட இல்லை. "சுடுதண்ணியில கால வைக்கணும் தம்பி" என்று அவரேதான் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். பின்னட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்தேன்: 45 டிகிரிக்கு மிகாத வெந்நீர், 30 முதல் 90 நிமிடம், முள் துணுக்கு தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே, டெட்டனஸ் ஊசி, காயத்தை உடனே தைத்து மூடாதே. வியர்வையில் மை கலைந்ததால் மேலே செலோடேப் ஒட்டியிருக்கிறேன்.