ஷ்ட்ரோம்: ஆறா, மின்சாரமா? ஒரு ஜெர்மன் சொல்லைப் பிரித்தறியும் வழி

தஞ்சை, திருவாரூர் பக்கத்திலிருந்து ஜெர்மன் கற்கத் தொடங்குபவர்களுக்கு 'ஷ்ட்ரோம்' எளிதில் வசப்பட வேண்டிய பெயர்ச்சொல். அது குறிக்கும் பேராறு, நீரோட்டம், மின்சாரம் மூன்றுமே நம் ஊரின் அன்றாடக் கவலைகள்.

முதலில் வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடுதலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்தே இச்சொல்லும், ஆங்கில 'ஸ்ட்ரீம்', வடமொழி 'ஸ்ரோதஸ்' ஆகியனவும் பிறந்தன. அந்த வடமொழிச் சொல்லில் இல்லாத டகரம் ஜெர்மானிய மொழிகளில் ஸகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே நுழைந்தது; 'ஸ்வஸ்ரு' என்னும் உடன்பிறந்தாள் அங்கே 'ஷ்வெஸ்டர்' ஆனதும் அவ்வாறே.

வாக்கியம் ஆற்றைப் பற்றியதானால், 'ஃப்ளுஸ்' என்ற சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃப்ளுஸ் பொதுவாக ஆறு. கடலில் நேரே சென்று சேரும் பேராறே ஷ்ட்ரோம். ரைன் ஷ்ட்ரோம் என்றால், மைன்ட்ஸ் நகரருகே அதில் கலக்கும் மைன் வெறும் ஃப்ளுஸ். அக்கணக்கில், பூம்புகாரில் கடல் சேரும் காவிரி ஷ்ட்ரோம். கரூர் அருகே அதில் கலக்கும் அமராவதி ஃப்ளுஸ். கல்லணைக்குக் கீழேதான் இந்த இலக்கணம் தடுமாறுகிறது. இங்கே ஆறுகள் கலப்பதைவிடப் பிரிவதே மிகுதி என்பதால், கடலைக் காணாமல் வயல்களுக்குள்ளேயே தேய்ந்து முடியும் கிளையை என்னவென்று அழைப்பது என்று அது சொல்வதில்லை.

மின்சாரப் பொருள் பிற்காலத்தது. மின்சாரத்தை நீர்போல ஓடுவதாக எண்ணியதன் விளைவு. நம் 'மின்னோட்ட'மும் அதே எண்ணம்தான். 'டேர்' என்ற சுட்டுச்சொல் இல்லாமல், ஒருமையில் தனித்து வந்தால் பெரும்பாலும் மின்சாரமே.

தொகைச்சொற்களைக் கடைசியிலிருந்து படியுங்கள். 'ஷ்ட்ரோம்ஆவுஸ்ஃபால்' என்பதன் இறுதிப்பகுதி தடைப்படுதலைக் குறிப்பதால், அது மின்வெட்டு. 'ட்ரேஷ்ட்ரோம்' என்பதில் ஷ்ட்ரோமே இறுதி, முன்னுள்ளது சுழற்சி. மோட்டாருக்குள் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கும் இதுவே நம் பம்ப்செட்டுக்கு வரும் மும்முனை மின்சாரம்.

பன்மை 'ஷ்ட்ரோமே', அதன் ஓகாரத்தை, உதட்டை 'ஓ'வுக்குக் குவித்துக்கொண்டு 'ஏ' என்று ஒலிக்க வேண்டும். மழை 'இன் ஷ்ட்ரோமென்' பெய்கிறது என்றால் ஐப்பசியில் நாம் பார்க்கும் கொட்டும் மழை. 'கேகன் டேன் ஷ்ட்ரோம்' நீந்துதல் எதிர்நீச்சல். 'உன்டர் ஷ்ட்ரோம்' இருப்பதாகச் சொன்னால் மட்டும் எழுவாயைப் பாருங்கள்: கம்பி என்றால் மின்சாரம் பாய்கிறது, தொடக்கூடாது, மனிதர் என்றால் படபடப்பில் இருக்கிறார்.