சேலத்தில் சிறு நில அதிர்வுகளைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் வந்த நிலநடுக்கம் அளவில் 6-ஐ ஒட்டியது. 2018 ஜூலையில் சேலம், தருமபுரி மக்கள் லேசான அதிர்வை உணர்ந்தார்கள். இப்படி ஆட்கள் உணர்பவை அரிது. பாறையில் எந்தப் பிளவு இன்னும் அசைகிறது என்று காட்டுபவை, யாருக்கும் தெரியாமல் போகிற 1, 2 அளவு அதிர்வுகள். ஒரு 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் (நில அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சென்சார்), அந்தச் சிக்னலை எண்ணாக மாற்றும் 24 பிட் டிஜிட்டைசர், ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று இருந்தால் அவற்றைப் பிடிக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களின் பதிவுகளைப் பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்த தவறுகளே வரிசையாக வருகின்றன. கருவியை மாடியில் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைக்காதீர்கள் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். அவற்றை இங்கே எழுதவில்லை.

தறி ஓடும் தெருவை மறப்பது

விசைத்தறி நிமிடத்துக்கு 120 முதல் 160 முறை அடித்தால், அது நொடிக்கு 2 முதல் 2.7 அதிர்வு. அதன் மடங்குகள் 5, 8, 10 ஹெர்ட்ஸ் வரை ஏறும். பக்கத்தில் நடக்கும் சிறு நில அதிர்வின் ஆற்றலும் ஏறக்குறைய 2 முதல் 20 ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது. பிறகு எந்த ஃபில்டர் போட்டாலும் இரண்டையும் முழுதாகப் பிரிக்க முடியாது. கொண்டலாம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ வைப்பதாக இருந்தால், தறி ஓடும் நாள் ஒன்றும் விடுமுறை நாள் ஒன்றும் முழு 24 மணி நேரம் பதிவு செய்து ஒப்பிட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

மலைக்குப் போனால் தறி இல்லை, ஆனால் மண் இருக்கிறது. சேர்வராயன் உச்சிகளில் பாக்சைட்டும் துருக்கல்லும் மூடியிருக்கின்றன. கெட்டியாகத் தோன்றினாலும் அது மக்கிய பாறைதான். ஓடைக் கரையிலோ சாலைக்காக வெட்டிய இடத்திலோ கருநீலமாகத் தலைகாட்டும் சார்னோகைட் என்ற கெட்டிப் பாறையைத் தேடுங்கள். அதைத் தேய்த்துக் கழுவி, மெல்லிய சிமென்ட் பூச்சு போட்டு, அதன் மேல் சென்சாரை மட்டம் பார்த்து வையுங்கள். அந்தப் பூச்சு எந்தச் சுவரையும் தொடக்கூடாது.

தணிப்பு மின்தடை இல்லாத ஜியோபோன்

அதிர்வு நின்ற பிறகும் 4.5 ஹெர்ட்ஸில் மணி போல ஒலித்துக்கொண்டே இருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் மதிப்பில் மின்தடையைக் குறுக்கே இணைத்து, தணிப்பு விகிதத்தை (ஊசலாட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்ற அளவை) 0.7 அருகே கொண்டுவாருங்கள்.

கடிகாரத்தை நம்பிவிடுவது

இன்றும் எங்களுக்கு எரிச்சல் தருவது இதுதான். மற்ற தவறுகள் பதிவைப் பார்த்ததுமே கண்ணில் படும், இது படாது. அலை சுத்தமாக இருக்கும், நேரம் பொய்யாக இருக்கும்.

ராஸ்பெரி பை 4 வரையிலான போர்டுகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. 5-இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கரண்ட் போய் வந்தால் போர்டு கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இணையம் கிடைக்கும்வரை பிழை நிமிடக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ இருக்கும். அவ்வளவு பெரிய பிழையை யாரும் கண்டுபிடித்துவிடலாம். யு.பி.எஸ். மாட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஐப்பசி மழையில் கருவி அணையாமல் ஓடும், டவர் மட்டும் போய்விடும். நேரத்தைத் திருத்த ஆள் இல்லாமல் படிகக் கடிகாரம் தன் போக்கில் நகரும். 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை என்றால் நாளுக்கு 1.7 நொடி. ஏற்காட்டிலிருந்து சேலம் டவுனுக்கு வான்வழியில் சுமார் 15 கிலோமீட்டர். அதிர்விலிருந்து முதலில் வந்துசேர்வது பி அலை; கெட்டிப் பாறையில் நொடிக்கு 6 கிலோமீட்டர் போகும் அந்த அலைக்கு அது வெறும் இரண்டரை நொடிப் பயணம்.

ஒரு மாணவர் குழு ஏற்காடு, ஓமலூர், வாழப்பாடி என மூன்று இடங்களில் கருவி வைத்திருந்தது. மழையில் ஏற்காட்டில் நான்கு நாள் இணையம் இல்லை. அங்கிருந்த கடிகாரம் நாளுக்கு அரை நொடி பின்தங்கியது. பின்தங்கிய கடிகாரம் அலை சீக்கிரம் வந்துவிட்டதாகக் காட்டும், கணக்கும் அதிர்வின் இடத்தை அந்த நிலையத்தை நோக்கி இழுக்கும். முதல் நாள் ஓமலூருக்குக் கிழக்கே சமவெளியில் விழுந்த புள்ளி, நான்காம் நாள் மலைச்சரிவில் ஏறி நின்றது. நான்கு புள்ளியையும் கோட்டால் இணைத்து, பிளவு மலையை நோக்கி நகர்கிறது என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார்கள். அதைப் படித்துவிட்டுத் தோட்டத்துக் குடும்பங்கள் சில, அந்தக் குளிரில் குழந்தைகளோடு இரண்டு இரவு வெளியே படுத்தன. நான்கும் ஒரே கல்குவாரியின் மதிய வெடிகள்.

மென்பொருள் ஏன் எச்சரிக்கவில்லை? ஆழத்தை நிலையாக வைத்துவிட்டால் கண்டுபிடிக்க வேண்டியவை மூன்று: அட்சரேகை, தீர்க்கரேகை, தொடங்கிய நேரம். மூன்று நிலையத்தின் பி நேரங்களை மட்டும் கொடுத்தால் விடை பெரும்பாலும் கச்சிதமாகப் பொருந்திவிடும், எச்சம் (கணக்கிட்ட நேரத்துக்கும் பதிவான நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்) பூச்சியம்தான். அந்தப் பூச்சியத்தைப் பார்த்துத்தான் அவர்கள் நம்பினார்கள்.

பி அலைக்குப் பின்னால் மெதுவாக வரும் எஸ் அலையையும் குறித்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். எஸ் நேரத்திலிருந்து பி நேரத்தைக் கழிக்கும்போது கடிகாரப் பிழையும் கழிந்துபோகும். அந்த இடைவெளி காட்டும் தூரமும், பி நேரங்கள் காட்டும் இடமும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். நான்கைந்து நிலையம் இருந்தால் வாடாட்டி வரைபடம் போடுங்கள். கிடை அச்சில் பி வந்த நேரம், செங்குத்து அச்சில் எஸ்–பி இடைவெளி. புள்ளிகள் சுமார் 0.73 சாய்வுள்ள நேர்கோட்டில் விழ வேண்டும். தனியே விலகி நிற்கும் நிலையத்தின் கடிகாரம்தான் கெட்டது.

நொடித்துடிப்பு வெளியீடு உள்ள ஜி.பி.எஸ். ரிசீவர் போடுவதே சரியான வழி. ஏற்காட்டு மூடுபனி சிக்னலைத் தடுக்காது. தகரக் கூரை தடுக்கும், அடர்ந்த சில்வர் ஓக் நிழல் குறைக்கும். ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் வேண்டும். புதிதாக ஆன் செய்த ரிசீவரின் நேரத்தை உடனே எடுக்காதீர்கள். ஜி.பி.எஸ். நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. அந்தத் திருத்தம் செயற்கைக்கோளிலிருந்து வந்துசேர 12.5 நிமிடம் வரை ஆகலாம். ஜி.பி.எஸ். வாங்க முடியாவிட்டால் குறைந்தபட்சம் ஒரு டி.எஸ். 3231 கடிகாரச் சில்லு மாட்டுங்கள். பிழை 2 பி.பி.எம். அளவில் நிற்கும், அதாவது நாளுக்கு 0.17 நொடி.

எந்தக் கடிகாரமானாலும், கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதை அலைப் பதிவோடு மணிக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். பிழை 0.1 நொடியைத் தாண்டக்கூடாது என்றால், 20 பி.பி.எம். கடிகாரத்துக்குக் கிடைக்கும் கெடு ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம்தான். அதற்குப் பிறகு வந்த பதிவை அழிக்க வேண்டாம், 'நேரம் உறுதியில்லை' என்று குறியுங்கள். இடம் கணக்கிட மட்டும் அதை எடுக்கக்கூடாது.

குவாரி வெடிகளின் பதிவை அழிப்பது

கருங்கல் குவாரி, வெள்ளைக்கல் சுரங்கம், சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் என்று சேலத்தைச் சுற்றி வெடி வைக்கும் இடங்கள் ஏராளம். நிகழ்வுகளை மணிவாரியாக எண்ணிப் பாருங்கள். பகலில் குறிப்பிட்ட நேரத்தில் குவிந்தால் அவற்றில் பெரும்பாலானவை வெடி. ஆனால் பகல் நிகழ்வுகள் எல்லாமே வெடி என்று தள்ளாதீர்கள். வெடியில் பி அலையோடு ஒப்பிட்டால் எஸ் பலவீனமாக இருக்கும், அதன் பின்னால் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு நொடி எடுக்கும் மேற்பரப்பு அலை நீளமாக உருளும். 5 கிலோமீட்டர் தள்ளி வெடித்தால், எஸ் ஒன்றரை நொடிக்குள் வந்துவிட, காற்றில் வரும் சத்தம் சுமார் 15 நொடி கழித்து ஜன்னலை ஆட்டும்.

அடையாளம் தெரிந்ததும் பலர் அழித்துவிடுகிறார்கள். இடம் துல்லியமாகத் தெரிந்த அதிர்வு வேறு எங்கே கிடைக்கும்? குவாரி மேலாளரிடம் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் தள்ளி பி அலை 5 நொடியில் வர வேண்டும். வராவிட்டால் கடிகாரமோ வேகக் கணக்கோ தவறு.

கஞ்சமலைப் பக்கம் காம்பஸ் வைத்து வடக்கு பார்ப்பது

அது காந்த இரும்புத்தாது மலை, காம்பஸ் முள் விலகும். நண்பகல் நிழலை (கடிகாரத்தில் 12 மணி அல்ல, நிழல் மிகக் குறுகும் நேரம்) வைத்துக் கோடு போடுங்கள்.

ஒரே நிலையத்தை வைத்து இடம் சொல்வது

எஸ்–பி இடைவெளி ஒரு நொடிக்கு சுமார் 8 கிலோமீட்டர். கிடைப்பது வட்டம், புள்ளி அல்ல.

'ஆழம் 10 கி.மீ.'

ஆழத்தைக் கணிக்க முடியாதபோது மென்பொருளும் அறிக்கைகளும் போட்டுவைக்கும் எண் அது. அளந்த ஆழம் என்று எழுதாதீர்கள்.

மேட்டூர் நீர்மட்டத்தோடு முடிச்சுப் போடுவது

1967-இல் மகாராஷ்டிராவின் கொய்னா அணைப் பகுதியில் நடந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு அணைநீருக்கும் அதிர்வுக்கும் தொடர்பு தேடுவதில் தவறில்லை. ஆனால் அணை 120 அடியைத் தொட்ட வாரத்தில் வந்த இரண்டு அதிர்வை வைத்துத் தொடர்பு சொல்ல முடியாது. தினசரி நீர்மட்டத்தையும் நிகழ்வுகளையும் தனித்தனிக் கோப்பில் சேருங்கள். கருவி ஓடாத நாட்களையும் குறியுங்கள், இல்லாவிட்டால் பதிவு இல்லாத நாள் அதிர்வு இல்லாத நாளாகிவிடும். அணை நிரம்பி வடிவது இரண்டு மூன்று முறையாவது முடிந்த பிறகு, வெடிகளைக் கழித்துவிட்டு இரண்டு கோப்பையும் ஒன்றாக வரைந்து பாருங்கள்.