தூக்கிய ஜீப்பில் ஸ்பிரிங் பட்டை உழைக்க

என் மஹிந்திரா எம்எம்540 ஜீப்பை இரண்டு அங்குலம் தூக்கி, அதாவது உயரமாக்கி, நான்கு வருடம் ஆகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல் பாதையில் ஓடுகிற வண்டி. வண்டியின் எடையைத் தாங்கும் வளைந்த எஃகுத் தகடு அடுக்கான ஸ்பிரிங் பட்டை இன்னும் நன்றாக நிற்கிறது.

புதுப் பட்டை மாட்டியதும் சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். முதல் சில மாதம் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் உடனே கீழே படுத்துப் பாருங்கள்.

பட்டையை ஆக்ஸிலோடு (சக்கர அச்சோடு) இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்தான் உயிர். பழையதைத் திரும்பப் போடவே போடாதீர்கள். ஒருமுறை முறுக்கியது நீண்டிருக்கும். ஒரு பட்டறையில் எனக்குப் பழையதையே போட்டு அனுப்பினார்கள். மூன்றாவது பயணத்தில் பிடி தளர்ந்து, பட்டைத் தகடுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து, பின் ஆக்ஸில் இரண்டு விரற்கடை நகர்ந்துவிட்டது. டயர் மட்கார்டில் உரசிய அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. புது போல்ட்டையும் 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-ல் ஒருமுறை டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்குங்கள்.

பட்டை முனை வளையத்துக்குள் இருப்பது ரப்பர் புஷ் என்றால், வண்டி தரையில் நின்று பட்டை எடை வாங்கிய பிறகே பட்டை முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டை இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

பட்டை எதிர்ப்பக்கம் வளையாதபடி பம்ப் ஸ்டாப்பை (ஆக்ஸில் அளவுக்கு மேல் எழும்பாமல் நிறுத்தும் ரப்பர் தடுப்பை) நீட்டுங்கள். முன் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து உயரமாக்குவது வேண்டவே வேண்டாம்; பிரேக் பிடிக்கும்போது பட்டை முறுக்கிக்கொள்ளும்.

மழைக்காலம் முடிந்ததும் கம்பி பிரஷால் சேற்றைத் தேய்த்தெடுத்து, யு போல்ட் ஓரத்தில் டார்ச் அடியுங்கள். முடி போல ஒரு கோடு, அதில் செந்துரு கசிந்திருந்தால் விரிசல்தான். வெல்டிங் வைக்காமல் பட்டையையே மாற்றிவிடுங்கள்.