தன்னார்வ அமைப்புக்கு மூன்றாண்டுத் திட்டம்: எதை விடுவது என்பதிலிருந்து தொடங்குங்கள்

பத்து ஆண்டு தாண்டிய உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகளின் வேலைப் பட்டியலைப் படித்தாலே அவற்றின் வரலாறு தெரிந்துவிடும். மரக்கன்று நடுவதில் தொடங்கியிருக்கும். பிறகு இரத்த தானம், 2018இல் கஜா நிவாரணம், 2020இல் உணவுப் பொட்டலம், இப்போது மாலை நேர வகுப்பு. ஒன்று சேர்ந்துகொண்டே போகும், எதுவும் கழியாது. அதனால்தான் "அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்டுத் தொடங்கும் திட்டக் கூட்டங்கள் வீணாகின்றன. பட்டியலில் இன்னும் நாலு வரி ஏறும், செய்யப் போவது அதே எட்டுப் பேர்தான். எதை விடுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். புதியது அதற்குப் பிறகு.

இங்கே சொல்வது 15 முதல் 60 தன்னார்வலர் வரை உள்ள, சம்பள ஊழியர் இல்லாத அல்லது ஓரிருவர் மட்டுமே உள்ள, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்கீழ்ப் பதிவான அமைப்புகளுக்கு. அறக்கட்டளை என்றால் பதிவு தொடர்பான விவரங்கள் மாறும், மற்றவை பொருந்தும்.

எப்போது தொடங்குவது?

இந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. திட்டத்துக்கும் அதே மூன்று ஆண்டை வைத்துக்கொள்வது வசதி. ஐந்தாண்டுத் திட்டம் போட்டால் பாதியில் ஆட்கள் மாறுவார்கள், போகிற குழு போட்டதை வருகிற குழு எடுத்து ஓரமாக வைத்துவிடும். எனவே விவரம் திரட்டும் வேலையைப் பழைய குழு செய்யட்டும், முடிவைப் புதிய குழு எடுக்கட்டும். ஆண்டுக் கணக்கு ஏப்ரலில் தொடங்குவதால் பொங்கல் முடிந்ததும் விவரம் திரட்டி, பிப்ரவரி நடுவில் ஒரு ஞாயிறு முழுநாள் உட்கார்ந்து, மார்ச்சில் எழுதி முடிப்பது நல்லது. பொதுத் தேர்வு நெருங்கிவிட்டால் ஆசிரியர்களும் பெற்றோர்களும் வர மாட்டார்கள்.

மணிக்கணக்கு

பணத்திலிருந்து திட்டமிடத் தொடங்குவது பழக்கம். ஆனால் தன்னார்வ அமைப்பில் முதலில் தீர்ந்துபோவது ஆட்களின் நேரம்.

வாட்ஸ்அப் குழுவில் 40 பேர் இருப்பார்கள். கடந்த மூன்று மாதத்தில் குறைந்தது இரண்டு முறை நேரில் வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள். 14 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரிடமும் தனியாக, போனில், "மாதம் எத்தனை மணி நேரம் உறுதியாகத் தர முடியும்?" என்று கேளுங்கள். குழுவில் பொதுவாகக் கேட்டால் ஒருவரைப் பார்த்து மற்றவர் கூட்டிச் சொல்வார்கள். சராசரி 6 மணி என்றால் 14 × 6 = 84 மணி. தேர்வு, தீபாவளி, கல்யாண மாதங்களுக்காகக் கால் பங்கு கழித்தால் கையில் இருப்பது 63 மணி.

இப்போது வேலையின் பக்கம் வாருங்கள். ஒரு மாலை வகுப்பு மையத்துக்கு இரண்டு பேர், நாளுக்கு 2 மணி, மாதம் 20 நாள் என்றால் 80 மணி. ஒரே ஒரு மையமே கையிருப்பைத் தாண்டிவிட்டது. வாரம் மூன்று நாளாகக் குறைத்தால் 48 மணி, மீதி 15. அந்தப் பதினைந்துக்குள்தான் இரத்த தானம், கணக்கு எழுதுவது, நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம், கூட்டம் எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்ட பிறகு "இரண்டாவது மையம் திறக்கலாமே" என்ற பேச்சு தானாக அடங்கும். திறக்கத்தான் வேண்டும் என்றால் முதல் ஆண்டு முழுவதும் ஆள் சேர்ப்பதுதான் திட்டம்.

மணிக்கணக்கோடு விலகியவர்களின் கணக்கும் வேண்டும். கடந்த இரண்டு ஆண்டில் வராமல் போனவர்களில் எட்டுப் பத்துப் பேரிடம் பேசுங்கள். தலைவரோ செயலாளரோ பேசக் கூடாது, அவர்களிடம் "வேலைப் பளு" என்ற பதில்தான் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் பேசினால் உண்மை வரும்: "வந்தா என்ன செய்யணும்னே யாரும் சொல்லல" என்பது மாதிரி.

வேலைக்கு ஒரு தாள்

நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு தாள். கடந்த ஆண்டு எத்தனை பேருக்குப் பயன்பட்டது, எத்தனை மணி நேரம் போனது, எவ்வளவு செலவானது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, பொறுப்பாளர் யார், அவர் ஆறு மாதம் இல்லாவிட்டால் யார் நடத்துவார் என்று ஆறு விவரம் போதும். ஆறாவதற்குப் பதில் இல்லாத தாள்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பயன்பட்டோர் எண்ணிக்கையில் எச்சரிக்கை தேவை. "200 இரத்தக் கொடையாளர்கள்" என்பது 200 இல்லை. வயது 18 முதல் 65 வரை, எடை 45 கிலோவாவது, ஹீமோகுளோபின் 12.5 ஆவது இருக்க வேண்டும்; ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்த தேதி பட்டியலில் இல்லையென்றால் அது வெறும் தொலைபேசிப் புத்தகம். இந்த வேலைக்குச் சரியான அளவுகோல், வந்த அழைப்புகளில் எத்தனைக்கு மூன்று மணி நேரத்துக்குள் தகுதியான ஆளை அனுப்ப முடிந்தது என்பதே. முகாம்களின் எண்ணிக்கை செய்தித்தாளுக்கு உதவும், திட்டத்துக்கு உதவாது.

ஊரின் தேவை மாறியிருக்கிறதா?

பெரும்பாலான திட்டங்கள் தவறுவது இங்கேதான். அமைப்பு தொடங்கியபோது இருந்த தேவை இன்றும் அப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அதற்கு முன் அரசுத் தொடக்கப் பள்ளியில் காலையில் பாலும் ரொட்டியும் கொடுத்துவந்த குழு இன்னும் அதையே கொடுப்பதில் பொருளில்லை. பள்ளிக்குப் பின் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

கல்வி உதவித்தொகையும் அப்படித்தான். புதுமைப் பெண் திட்டம் 2022இலும் தமிழ்ப் புதல்வன் 2024இலும் வந்தபின், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வி சேர்ந்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அது சேர்ந்த பிறகு வருவது. சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், சான்றிதழுக்கு அலையும் செலவு எல்லாம் அதற்கு முன்பே கைக்காசாக வேண்டும். அமைப்பின் பணம் போக வேண்டிய இடம் அந்த ஜூன், ஜூலை மாதங்கள்.

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வறிக்கை எதுவும் தேவையில்லை. இரண்டு தலைமையாசிரியர், ஒரு கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், வார்டு உறுப்பினர், பயன்பெற்ற குடும்பங்களில் பத்து, இவர்களிடம் பேசினால் போதும். "எங்க சேவை எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். "நாங்க இதை நிறுத்திட்டா உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

கூட்ட நாள்

15 முதல் 20 பேர், அதற்கு மேல் வேண்டாம். நிர்வாகக் குழு, பொறுப்பாளர்கள், ஒரு வருடத்துக்குள் சேர்ந்தவர்கள் குறைந்தது நாலு பேர், பயனாளிகளில் இரண்டு பேர். கூட்டத்தை நிறுவனரோ தலைவரோ நடத்தக் கூடாது. வேறு அமைப்பில் இருக்கும், உங்கள் உள்விவகாரம் தெரியாத ஒருவரை அழையுங்கள். பள்ளி வகுப்பறை போதும், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை, பொன்னாடை, வரவேற்புரை மூன்றும் வேண்டாம். இவற்றுக்கே ஒன்றரை மணி நேரம் போய், "நேரமின்மை காரணமாக" முக்கியமான பகுதி மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கக் கலக்கத்தில் நடந்த கூட்டங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

காலை 9.30க்குத் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் மணிக்கணக்கும் வேலைத்தாள்களும். தாள்களை மூன்று நாள் முன்பே அனுப்பியிருக்க வேண்டும், அங்கே வாசிப்பதற்கில்லை. அடுத்த ஒரு மணி நேரம் ஊரில் கேட்டு வந்தது. தேநீர் முடிந்ததும் ஒவ்வொரு வேலைக்கும் வளர்ப்பது, அப்படியே நடத்துவது, வேறு அமைப்பிடம் ஒப்படைப்பது, நிறுத்துவது என்ற நாலில் ஒன்றை ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். முதலில் சீட்டு, பிறகு பேச்சு. பேச்சு முதலில் வந்தால் மூத்தவர் சொன்னதற்கு எதிராக இருபத்திரண்டு வயதுப் பெண் வாய் திறக்க மாட்டார். சீட்டுகளை எண்ணிப் பலகையில் எழுதிய பின், கருத்து பிளந்திருக்கும் வேலைகளைப் பற்றி மட்டும் பேசினால் மதியத்துக்குள் முடியும். ஒரு விதியை முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள்: ஒரு வேலையாவது விடப்பட வேண்டும். மதியம் புதியவை, அதிலும் மூன்றாண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு போதும்.

நிறுத்துவது என்று முடிவானால் அதை நாகரிகமாகச் செய்ய வேண்டும். வகுப்பு என்றால் கல்வியாண்டு முடியும் ஏப்ரலில்தான் நிறுத்த வேண்டும், நடுவில் கூடாது. மூன்று மாதம் முன்பே குடும்பங்களிடம் சொல்லுங்கள். அந்த வேலைக்கென்று பணம் தந்தவர்களிடம் மீதியை எதற்கு மாற்றலாம் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதை ஆண்டாண்டாக நடத்திய பொறுப்பாளரிடம் தலைவர் நேரில் போய்ப் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் தெரிந்துகொண்டால் அவரோடு நாலு பேரும் போய்விடுவார்கள்.

பதிவும் பணமும்

புதிய வேலை சங்கத்தின் குறிக்கோள் பட்டியலில் அடங்குகிறதா என்று பதிவுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அடங்காவிட்டால் 21 நாள் அறிவிப்போடு பொதுக்குழுவைக் கூட்டி, சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சிறப்புத் தீர்மானத்துக்கு வாக்களித்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். வருமான வரிப் பதிவு இருந்தால் குறிக்கோள் மாற்றத்தை அங்கேயும் தெரிவித்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இது பலருக்கு மறந்துபோகும், கெடு 30 நாள்தான். 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) பதிவுகள் முடியும் தேதியைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். 2021இல் புதிய முறையில் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தவற்றுக்கு 2026 மார்ச் 31தான் எல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் வேறு. பழைய எண்ணை அச்சடித்த ரசீதுப் புத்தகத்தைத் தணிக்கையாளரிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வரி விலக்கு வேண்டுமென்றால் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே குறிக்கோளுக்குச் செலவிட வேண்டும். கட்டடம் மாதிரி ஒன்றுக்காகச் சேர்ப்பதாக இருந்தால் நோக்கத்தைக் குறிப்பிட்டு, அதற்குரிய படிவத்தை வருமான வரித் துறைக்குக் கெடுவுக்குள் தந்தாக வேண்டும். "மூன்று வருஷம் சேர்த்து வேன் வாங்கலாம்" என்று சும்மா வங்கியில் போட்டு வைத்தால் வரி வரும். வெளிநாட்டுப் பணத்திலும் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்து தன் சொந்தச் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற அவருடைய அண்ணன் அனுப்பினால் ஆகும், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கே அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும் அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் பொதுவாகக் கேட்பார்கள். ஆகவே அதை முதல் ஆண்டு வரவில் காட்டாதீர்கள்.

அமைப்பின் பணத்தில் பாதிக்கு மேல் ஒரே கையிலிருந்து வந்தால், அந்தக் கை இல்லாமல் எந்த வேலை தொடரும் என்று இரண்டாவது வரவுசெலவு ஒன்றும் எழுதி வையுங்கள்.

சாவி யாரிடம்?

வங்கிக் கணக்கில் கையெழுத்திடுவோர் மூன்று பேர், அதில் எவரேனும் இருவர் என்று மாற்றுங்கள். வருமான வரி இணையதளத்தின் கடவுச்சொல், ஓடிபி வரும் சிம், மின்னஞ்சல், பதிவுப் பத்திரத்தின் மூலம், வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி, இவை ஒவ்வொன்றும் யாரிடம் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதினால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும். முதல் ஆண்டுக்குள் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பெயர் வர வேண்டும். தலைவர் பொறுப்புக்கு வரப்போகிறவர் ஒரு வருடம் துணைச் செயலாளராக இருந்து கணக்குத் தாக்கலை ஒருமுறையாவது தன் கையால் செய்திருக்க வேண்டும்.

எழுதுவதும் திருத்துவதும்

திட்டம் நாலு பக்கம் இருந்தால் போதும்: எதைத் தொடர்கிறோம், எதை விடுகிறோம், எது புதிது, ஆண்டுவாரியாக மணி நேரமும் பணமும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. "இளைஞர் அணி" என்று பொறுப்பு எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து மணிக்கணக்கை மட்டும் மறுபடி போடுங்கள். 63 என்று எழுதியது 45 ஆகியிருந்தால் அன்றே ஒரு வேலையைச் சுருக்குங்கள், ஆள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடுவில் வெள்ளமோ புயலோ வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடத்தான் செய்வோம். அதற்கென்று ஆண்டுக்கு ஒரு மாதத்தின் மணி நேரத்தை யாருக்கும் ஒதுக்காமல் முன்பே விட்டு வையுங்கள்.